என் மனைவிக்குச் சேர வேண்டிய திட்டு

கபடியைப் பற்றி எனக்குத் தெரிந்தது இரண்டே விஷயம். ஒன்று, மூச்சை அடக்க வேண்டும். இரண்டு, அது என்னால் முடியாது. மாடிப்படி ஏறினாலே நடுவில் நின்று சுவரில் இருக்கும் நாள்காட்டியைப் படிக்கிற மாதிரி பாவனை செய்துதான் மேலே போவேன். அப்படிப்பட்ட என்னை சிம்பாங் ரெங்கத்திலிருந்து குளுவாங் வரைக்கும் "வாங்க கோச்" என்று கை கொடுத்துக் கூப்பிடுகிறார்கள். என் தொப்பையைப் பார்த்தும் அவர்களுக்குச் சந்தேகம் வரவில்லை.

உண்மையான கோச் என் மனைவி. பள்ளியில் படிக்கும்போதே ஜொகூர் மாநில அணிக்கு விளையாடியவள். குளுவாங்கில் ஒரு தொழிற்சாலையில் லைன் லீடர். ஆண்களும் பெண்களுமாக ஒரு கூட்டத்தையே ஷிஃப்ட் முழுக்க நிமிர்த்தி வேலை வாங்குகிறவள். லீவு போட்டு வகுப்புக்குப் போய், பரீட்சை எழுதி, பயிற்சியாளர் லைசென்ஸ் வாங்கினாள். எங்கள் ஊர் கிளப்பில் பெண்கள் அணி தொடங்கியதும் அவள்தான்.

நான் உள்ளே வந்த கதை வேறு. அணி தொடங்கியபோது பெற்றோர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரே ஒரு நிபந்தனை போட்டார்கள்.

"புள்ளைங்கள அனுப்புறோம். பொம்பள கோச்சுங்கறதாலதான் அனுப்புறோம். ஆனா பாதுகாப்புக்கு ஒரு ஆம்பளை இருக்கணும்லா."

நல்லவனாக இருக்க வேண்டும், சாயங்காலம் வேறு வேலை இருக்கக் கூடாது, பெண்களுக்கு ஆபத்து விளைவிக்கிற அளவுக்குத் தெம்பும் இருக்கக் கூடாது. இந்த மூன்று தகுதியும் ஒருங்கே அமைந்த ஆள் ஊரில் நான் ஒருத்தன்தான். பகலில் லாரி உதிரிபாகக் கடையில் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பேன். சாயங்காலம் மைதானத்துக்கு வந்து உட்கார்ந்திருப்பேன். எனக்கு மானேஜர் என்று பெயர் வைத்தார்கள். ஐஸ் பெட்டி தூக்குவது, வேன் ஓட்டுவது, பந்தோபஸ்து. திருடன் யாராவது வந்தால் நான் என்ன செய்வேன் என்று பெண்கள் ஒருநாள் கேட்டார்கள். "உங்களுக்குப் பின்னாடி வந்து நிப்பேன்" என்றேன். அவர்கள் என் மனைவியை அக்கா என்று கூப்பிடுவதால் நான் மாமா.

போன வருஷம் குளுவாங்கில் நடந்த ஒரு போட்டியில் எங்கள் பெண்கள் மூன்றாவதாக வந்தார்கள். பரிசு கொடுக்கும்போது மேடையில் அறிவிப்பாளர், "வெற்றிப் பயிற்சியாளருக்குப் பொன்னாடை!" என்று முழங்கினார். என் மனைவி ஏறினாள். பிரமுகர் பொன்னாடையை விரித்துப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தவர், அவளைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். ஒரு ஆண் ஒரு பெண்ணுக்குப் பொன்னாடை போர்த்துவது நம் ஆட்களிடம் வழக்கமில்லை. போர்த்த ஒரு பெண் வேண்டும். மேடையில் வேட்டியும் சட்டையுமாக ஒரு வரிசை ஆண்கள். பெண்கள் எல்லாரும் பின்னால் சாப்பாடு பரிமாறிக்கொண்டிருந்தார்கள். பிரமுகர் விரித்த கையை மடக்கவும் முடியாமல் நீட்டவும் முடியாமல் துணி காயப்போடுகிறவர் மாதிரி நின்றார். அறிவிப்பாளர்தான் வழி கண்டுபிடித்தார்.

"அண்ணே, நீங்க மேல வாங்க. ரெண்டு பேரும் ஒண்ணுதானே!"

போனேன். போர்த்தினார்கள். கை தட்டினார்கள். மறுநாள் கிளப் வாட்ஸ்அப்பில் படம் வந்தது: ஜரிகைப் பொன்னாடையில் நான், கல்யாண மாப்பிள்ளை வயசாகிப்போன மாதிரி. படத்தின் ஓரத்தில் என் மனைவி முழங்கை வரைக்கும் இருந்தாள்.

"படத்துல நல்லாத்தான் இருக்கீங்க" என்றாள். "ரெய்டுன்னா என்னன்னு யாராவது கேட்டா என்ன சொல்வீங்க?"

"போலீஸ் வர்றதும்பேன்."

அவளும் சிரித்தாள். அப்போதெல்லாம் இது சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது.

இந்த வருஷம் சாஆ என்ற ஊரில் ஒரு போட்டி. அரையிறுதி வரைக்கும் வந்துவிட்டோம். அன்று காலையில் எங்கள் அணியின் நல்ல ரெய்டர், பத்தொன்பது வயதுப் பெண், முட்டி கொஞ்சம் வலிக்கிறது என்று சொன்னாள். ரெய்டர் என்றால் எதிராளிகளின் பக்கம் தனியாகப் போய், ஒரே மூச்சில் தொட்டுவிட்டுத் திரும்பி வர வேண்டியவள். முட்டி இல்லாமல் அந்த வேலை நடக்காது. என் மனைவி அவளைத் தனியாகக் கூட்டிப்போய் உட்கார்ந்து எழச் சொன்னாள், ஒற்றைக் காலில் குதிக்கச் சொன்னாள், பக்கவாட்டில் ஓடச் சொன்னாள். முட்டியை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தாள். "முடியும்க்கா, எறக்குங்கக்கா" என்று பெண் கெஞ்சினாள். என் மனைவி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு இறக்கினாள்.

இரண்டாம் பாதியில், அந்தப் பெண் ரெய்டு போய்த் திரும்பி வரும்போது, எதிரணிப் பெண் அவள் கணுக்காலைப் பிடித்தாள். நியாயமான பிடி. உடம்பு ஒரு பக்கம் திரும்பியது, முட்டி திரும்பவில்லை. அந்தச் சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டதாம். எனக்குக் கேட்கவில்லை. நான் அப்போது வெளியே பிசாங் கோரெங், அதாவது வாழைப்பழ பஜ்ஜி, வாங்க வரிசையில் நின்றுகொண்டிருந்தேன்.

பொட்டலத்தோடு உள்ளே வந்தபோது அந்தப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு அவள் அப்பா வந்தார். எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறவர்; என் கடைக்கு வருகிறவர்தான். நேராக என்னிடம் வந்தார்.

"ஏன்ணே எறக்குனீங்க? வலிக்குதுன்னு சொல்லியிருக்கா. ஏன்ணே எறக்குனீங்க?"

என் கையில் சூடாக வாழைப்பழம். எந்தக் கால் என்றுகூட எனக்குத் தெரியாது. வாயைத் திறப்பதற்குள் என் மனைவி முன்னால் வந்தாள்.

"அண்ணே, எறக்குனது நான். பார்த்துட்டுத்தான் எறக்குனேன். முடிவு என்னோடது."

அவர் அவள் பக்கம் திரும்பியதும் குரல் அப்படியே தணிந்துவிட்டது.

"நீங்க விடுங்க தங்கச்சி. உங்க மேல என்ன இருக்கு. நான் அண்ணன்கிட்டப் பேசிக்கறேன்."

மறுபடி என் பக்கம் திரும்பினார். குரல் பழைய இடத்துக்கே ஏறியது. "மானேஜர்னு ஒரு ஆம்பள கூட எதுக்கு வர்றது?"

பெரிய ஆஸ்பத்திரியில் லிகமெண்ட் கிழிந்திருக்கிறது என்றார்கள். அறுவை சிகிச்சை வேண்டியிருக்கலாம், விளையாட்டைப் பற்றி இப்போது பேச வேண்டாம் என்றார்கள். திரும்பி வரும் வழியில் செம்பனை மரங்கள் வரிசை வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. நான் வழக்கம்போல வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல், "என்னை நல்லாத் திட்டிட்டார்லா" என்றேன், சமாதானம் சொல்கிற நினைப்பில்.

"அது எனக்கு வர வேண்டிய திட்டு" என்றாள் என் மனைவி.

"வந்தா வாங்கிக்கறதுக்கு நான் இருக்கேன். இதுக்கெல்லாம்தானே மானேஜர்."

"வேடிக்கையா இருக்கா உங்களுக்கு? முட்டியைத் தொட்டுப் பார்த்தது இந்தக் கை. சரின்னு சொன்னது இந்த வாய். நான் தப்பா பார்த்திருக்கேன். அவர் என்னைப் பார்த்து 'உங்க மேல ஒண்ணுமில்ல தங்கச்சி'ங்கறார். ஏன் ஒண்ணுமில்ல? நான் அங்க தண்ணி ஊத்தவா போனேன்?"

தண்ணீர் ஊற்றுவது நான் என்று சொல்ல வந்தேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ரோட்டைப் பார்த்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் மண்டபத்தில் கிளப் செயற்குழு கூடியது. எங்கள் செயற்குழு நல்லவர்களால் ஆனது. யாரையும் புண்படுத்தக் கூடாது என்பதற்காகவே எதையும் செய்யாமல் இருக்கிறவர்கள். ஆளுக்கொரு கோப்பை தே தாரிக்கை வைத்துக்கொண்டு வருத்தப்பட்டார்கள். பிறகு தலைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு பேசினார்.

"நடந்தது நடந்திருச்சு. தங்கச்சி பாவம், வேலைக்கும் போய், வீட்டையும் பார்த்து, இதையும் பார்த்துக்கறாங்க. அவங்க தலையில இவ்வளவு பெரிய பாரத்தைத் தூக்கி வச்சது நம்ம தப்பு. இனிமே மேல ஒரு தலைமைப் பயிற்சியாளர் இருக்கட்டும். அவங்க துணைப் பயிற்சியாளரா கூட இருக்கட்டும்." என்னைப் பார்த்துக் கை காட்டினார். "வெளிய யாரையும் தேட வேண்டாம். நம்ம அண்ணனே இருக்காரு. அனுபவமும் இருக்கு."

அடிபட்டதற்குக் காரணம் நான் என்று ஊரே சொல்கிறது. அதனால் எனக்குப் பதவி உயர்வு. எந்தக் கம்பெனியில் இப்படி நடக்கும்? எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குடித்துக்கொண்டிருந்த தே தாரிக் மூக்கு வழியாக வந்தது.

என் மனைவி எழுந்தாள். "தலைவரே, அன்னைக்கு அந்தப் பொண்ணை எறக்குனது நான்."

"தெரியும்மா. ஆனா..."

"சோதிச்சுப் பார்த்தது நான். தப்பு நடந்திருந்தா என்னோடது. அதைப் பத்திக் கேளுங்க. எப்படி சோதிச்சே, ஏன் முடியும்னு நெனச்சே, ஏன் பாதில மாத்தலன்னு கேளுங்க. ஒரு கேள்வியாவது கேளுங்க."

யாரும் கேட்கவில்லை. செயலாளர் மட்டும் மிகவும் அன்பாக, "ஒக்காருங்கக்கா, மனசு சரியில்ல உங்களுக்கு. சூடா ஒரு மைலோ போடச் சொல்லவா?" என்றார்.

முடிவை இரண்டு வாரம் தள்ளி வைத்தார்கள். வெளியே வந்ததும் நான், "துணைப் பயிற்சியாளரே, கார் சாவி எங்க?" என்றேன். என்னைத் தெரியாதவள் மாதிரி பார்த்தாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அப்படி ஒரு பார்வையை நான் வாங்கியதில்லை. கார் சாவி என் சட்டைப் பையில்தான் இருந்தது.

இரண்டு நாள் கழித்து, "அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போறேன்" என்றாள்.

"ஏற்கெனவே ரெண்டு தடவை போய்ப் பார்த்தாச்சே."

"அவளைப் பார்க்கப் போனோம். இப்ப அவ அப்பாகிட்டப் பேசப் போறேன்."

"நானும் வர்றேன்."

"கார் ஓட்டுங்க. உள்ள வராதீங்க. நீங்க உள்ள வந்தா அவர் உங்ககிட்டதான் பேசுவார். நான் பிஸ்கட் தட்டை வாங்கி வச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன்."

"அவர் இப்ப உன்மேல ஒண்ணுமில்லங்கறார். நீ போய் இருக்குன்னு சொன்னா நெஜமாவே உன்னைத் தூக்கிருவாங்க. இது தேவையா?"

"தூக்கட்டும். துணைப் பயிற்சியாளரா பாவப்பட்டு வச்சிருக்கறதுக்கு, கோச்சா வச்சுத் தூக்கட்டும்."

அவர்கள் வீட்டுக் கேட்டுக்கு எதிரே காரை நிறுத்தினேன். அவள் இறங்கிப் போனாள். நான் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உடனே அந்த அப்பா கேட்டுக்கு வந்துவிட்டார்.

"என்ன அண்ணே, வெளியவே ஒக்காந்துட்டீங்க! கோவத்துல ஏதோ பேசிட்டேன், மனசுல வச்சுக்காதீங்க. உள்ள வாங்க, உள்ள வாங்க."

அவர் பின்னால் என் மனைவி நின்றுகொண்டு கண்ணாலேயே என்னைக் காருக்குள் அமுக்கினாள். நான் என்ன காரணம் சொல்வது? அவசரத்துக்கு வாயில் வந்ததைச் சொன்னேன்.

"கால் புடிச்சுக்கிச்சுண்ணே. முட்டி. எறங்க முடியல."

முட்டி கிழிந்த பெண் உள்ளே படுத்திருக்கிற வீட்டு வாசலில் நான் கண்டுபிடித்த பொய் அது. அவர் ஒரு விநாடி என்னைப் பார்த்தார். பிறகு திரும்பி உள்ளே போனார்.

முதலில் என் காதில் எதுவும் விழவில்லை. பிறகு அவர் குரல் மெல்ல ஏறியது. மகளின் குரல் நடுவில் வந்தது: "அப்பா, நான்தான் முடியும்னு சொன்னேன்!" என் மனைவியின் குரல்: "நீ சொன்ன. சொல்லத்தான் செய்வ. சரியா தப்பான்னு பார்க்கறது என் வேலை." அதற்கப்புறம் அவர் கத்தியது அந்த வரிசை வீடுகள் முழுக்கக் கேட்டிருக்கும்.

"அப்ப இத்தனை நாள் நீங்கதானா? என் புள்ள வாழ்க்கையை வச்சு வெளாடிட்டு, இப்ப வந்து நான்தான்னு சொல்றீங்க! அரையிறுதி முக்கியமா, அவ கால் முக்கியமா? உங்க சொந்தப் பொண்ணா இருந்தா எறக்கியிருப்பீங்களா?"

எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவருக்கும் அது தெரியும். கோபத்தில் வந்துவிட்டது. என் கை கார்க் கதவின் கைப்பிடிக்குப் போனது. இறங்கலாமா? இறங்கினால் அவர் உடனே என்னிடம் மன்னிப்புக் கேட்பார், நான் பரவாயில்லை என்பேன், இரண்டு ஆம்பளைகளும் சமாதானம் ஆகிவிடுவோம். அவள் மறுபடி தங்கச்சி ஆகிவிடுவாள். கையை எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சுற்றுப்பட்டில் இவ்வளவு மும்முரமாகச் சும்மா இருந்த மனிதன் அன்று வேறு யாரும் இருந்திருக்க மாட்டான்.

அவள் வந்து உட்கார்ந்தபோது கன்னம் ஈரமாக இருந்தது. சீட் பெல்ட்டை இரண்டு தரம் மாட்டப் பார்த்தும் மாட்டவில்லை, நான் மாட்டிவிட்டேன்.

"பழையபடி ஓடுவாளான்னு கேட்டார்" என்றாள். "தெரியலன்னு சொன்னேன்."

அன்றிலிருந்து இரவுகளில் அவள் சரியாகத் தூங்கவில்லை. சாப்பிடும்போது திடீரென்று சோற்றில் இருக்கும் கையை நிறுத்திவிட்டு, அந்தப் பெண் ஒற்றைக் காலில் குதித்தது சரியாக இருந்ததா, இறங்கும்போது முட்டி உள்பக்கம் சாய்ந்ததா என்று யோசிப்பாள். "சாஞ்சுதுன்னு நினைக்கறேன்" என்பாள். மறுநாள், "இல்ல, சாயல" என்பாள். அதில் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. நல்ல நகைச்சுவை கைவசம் இருந்தால் சொல்லியிருப்பேன், கடையே காலி.

செயற்குழு மறுபடி கூடியபோது அந்த அப்பாவும் வந்திருந்தார். இந்த முறை என் பக்கம் திரும்பவே இல்லை. என் மனைவிக்கு நேராக விரலை நீட்டி, நடந்ததை அவரே சொல்லி, இவங்க இருந்தால் ஒரு பிள்ளையையும் அனுப்ப மாட்டோம் என்றார். இரண்டு பேர் கேள்வி கேட்டார்கள். அவள் எழுந்து நின்று பதில் சொன்னாள்: என்னென்ன சோதித்தாள், எதைப் பார்க்கத் தவறியிருக்கலாம், இனிமேல் என்ன செய்வாள். குரல் ஒரு இடத்தில் உடைந்தது. தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தாள். மைலோ வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை.

அரை மணி நேரம் குசுகுசுத்துவிட்டுத் தலைவர் சொன்னார். "அப்ப ஒரு ஆறு மாசத்துக்கு நிறுத்தி வைக்கறோம்."

"யாரைன்னு சொல்லுங்க தலைவரே" என்றாள்.

"உங்களத்தாம்மா."

"நான் இங்க யாரு?"

தலைவர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். "கோச். கோச்சை ஆறு மாசம் நிறுத்தி வைக்கறோம்."

"அப்படியே எழுதிக்கச் சொல்லுங்க."

செயலாளர் எழுதினார். நான் என்னையும் அறியாமல் கை தட்டிவிட்டேன். மண்டபமே திரும்பிப் பார்த்தது. என் மனைவியும் பார்த்தாள். அவள் முகத்தில் ஜெயித்த களையெல்லாம் எதுவும் இல்லை. சரியாகச் சொல்லப்போனால் வேலை போனவளின் முகம்தான் இருந்தது. தட்டிய கைகளை மெல்லக் கீழே இறக்கிக்கொண்டேன்.

தலைவருக்கு இன்னும் நம்பிக்கை போகவில்லை. "அதுவரைக்கும் அண்ணன் பார்த்துக்கலாம்ல?" என்றார்.

"அவர் வேணாம்" என்றாள் என் மனைவி. அவ்வளவு சீக்கிரம் சொல்லியிருக்க வேண்டாம்.

காரில் ஏறியதும் அவள் அணித் தலைவியைப் போனில் கூப்பிட்டாள். இருபத்து மூன்று வயதுப் பெண், மளிகைக் கடையில் வேலை. ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. நடந்ததைச் சொல்லிவிட்டு, "செவ்வாக்கெழமைலேர்ந்து பயிற்சியை நீ எடு. செயற்குழுகிட்ட நான் பேசிக்கறேன்" என்றாள்.

"ஐயோ, நானாக்கா?"

"நீதான். உனக்கு எல்லாம் தெரியும்."

"எனக்குப் பயமா இருக்குக்கா. யாருக்காவது அடிபட்டா?"

என் மனைவி போனை இன்னும் பக்கத்தில் பிடித்துக்கொண்டாள். நான் வண்டியைக் கிளப்பாமல் காத்திருந்தேன்.

"அடிபட்டா உன்னைத்தான் கேப்பாங்க" என்றாள். "கேக்கலன்னா கேக்க வைக்கணும். நல்லா இருக்காது. தூக்கம் வராது. அதையும் சேர்த்துத்தான் கேக்கறேன். முடியாதுன்னா சொல்லிரு, நான் கோவிச்சுக்க மாட்டேன்."

"யோசிச்சுட்டுச் சொல்றேன்க்கா."

"யோசி."

போனை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். வழியில் அன்னாசிப்பழக் கடையில் நிறுத்தட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். வீட்டு வாசல் வரைக்கும் வந்துவிட்டோம். இறங்கும்போதுதான் போன் அடித்தது.

"அக்கா, எடுக்கறேன். ஆனா எங்க அப்பாகிட்ட மாமாவை வந்து ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்க. மாமா சொன்னா அப்பா கேப்பாரு."

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் வானத்தைப் பார்த்தேன்.

"மாமா வர மாட்டார்" என்றாள். "உங்க அப்பாகிட்ட நீ பேசு."

"அலமாக், அக்கா!"

"பேசிட்டு எனக்குப் போன் பண்ணு" என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனாள்.